ஏழாம் நம்பர் ப்ளக்

பச்சை விளக்கு விழுந்தும் ஷிகெஹாருவின் கார் நகரவில்லை. இரண்டு முறை இருமியது, கரும்புகை கக்கியது, நடுரோட்டில் படுத்துவிட்டது. பின்னால் நின்ற தபால்காரர் ஹாரன்கூட அடிக்காமல் தலை குனிந்து வணங்கிக் காத்திருந்தார். அதுதான் இன்னும் மானக்கேடு.

இன்னும் மூன்றே நாள். ஞாயிற்றுக்கிழமையோடு ஊர்ப் பந்தயத்தடத்தை மூடுகிறார்கள்; அன்று பழைய பந்தயக்காரர்கள் கடைசியாக ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு முன்னால் அங்கே முதலாவதாக வந்துகொண்டிருந்த இதே கார், கடைசி வளைவில் விக்கி விக்கி நின்றுபோனது. ஜெயித்தவனுக்கு டோக்கியோ பந்தய அணியில் இடம். ஷிகெஹாருவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா நாற்காலி. "அன்னைக்கு இன்ஜினுக்கு ஏழாம் நம்பர் ஸ்பார்க் ப்ளக் போட்டதுதான் தப்பு" என்று அவர் புலம்பாத நாளில்லை. சரியான ப்ளக்கைப் போட்டு அந்த வளைவை ஒரு தடவையாவது விக்காமல் தாண்டாவிட்டால் அவர் கட்டை வேகாது.

காரைத் தள்ளிக்கொண்டு மைத்துனன் கியோட்டாகாவின் பட்டறைக்குப் போனார்.

"ஒன்பதை ஏன் மாமா போட்டீங்க? அது ரேஸ் ப்ளக். தலைதெறிக்க ஓடினாத்தான் சூடேறும். நீங்க முள்ளங்கி வாங்கப் போற வேகத்துக்குக் கரிதான் பிடிக்கும்."

"அப்ப சீக்கிரம் சூடேறுறதா குடு. அஞ்சு!"

"ஐயோ, அது மளிகை வேனுக்குப் போடறது!"

"குடுடான்னா!"

ஐந்தைப் போட்டதும் சிக்னலில் அணையாமல் சமர்த்தாக நின்றது. நெடுஞ்சாலையில் மிதித்ததும் இன்ஜினுக்குள் யாரோ ஆணி டப்பாவைக் குலுக்கினார்கள்.

ராத்திரியெல்லாம் யோசித்த குமாஸ்தா மூளை காலையில் வழி கண்டது. நாலு சிலிண்டரில் இரண்டுக்கு ஒன்பது, இரண்டுக்கு ஐந்து.

"கூட்டி வகுத்தா ஏழுதானேங்க வருது?" என்றாள் மனைவி மிட்சுவே, காய் நறுக்கியபடி.

"உனக்கென்ன தெரியும், சும்மா இரு!"

கார் வாசலைத் தாண்டவில்லை. தவளை மாதிரி நாலு தாவு தாவி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்க ஒரு பெட்டி இனிப்போடு போய் வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கியோட்டாகா கையை விரித்துவிட்டான். "கடையில ஏழுதான் மாமா மிச்சம். போடவா, வேணாமா?"

வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தடத்தில் அதே பைன் மர வாசனை, அதே பொரித்த நூடுல்ஸ் கடை. பழைய கூட்டாளிகளுக்கு முடிதான் இல்லை. ஷிகெஹாரு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இருபத்தைந்து வயது திரும்பி வந்துவிட்டது! கடைசி வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் ஒரு விக்கல்கூட விக்கவில்லை! பாடிக்கொண்டே தாண்டியது.

இறங்கியபோது அவர் கண்ணெல்லாம் தண்ணீர். மிட்சுவே நீட்டிய சோற்றுருண்டையை வாங்கியவர் சட்டென்று நின்றார்.

"அதே கார், அதே ஏழு, அதே வளைவு. அப்புறம் அன்னைக்கு மட்டும் ஏன்டி விக்கிச்சு?"

மிட்சுவே ஃபிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றினாள்.

"பாவம், ப்ளக் என்னங்க பண்ணும்? நீங்க ஜெயிச்சா டோக்கியோவுக்கு ரயிலேறிடுவீங்க, என் கல்யாணம் நின்னுடும்னு நான்தான் ஒரு ஒயரைக் கழட்டியும் கழட்டாம விட்டு வெச்சேன்."