ஹொக்கிக் கோச்சுக்குக் காட்டிய வீடு

டண்டினோங், மெல்பேர்ன்

அன்புள்ள மச்சான் துஷாந்துக்கு,

சிட்னியில் உன்னையும் பிள்ளைகளையும் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் பார்த்துக்கொள்வார். இங்கே எங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகனும் ஹொக்கி மட்டையோடு திரிகிறானாம். ஆகவே நான் அறிந்ததைச் சொல்கிறேன், கேள். அமெரிக்காவில் வசதி குறைந்த கல்லூரி, 'முழுக் காசும் கட்டு, அணியில் இடம்' என்கிறது. பணக்காரக் கல்லூரியோ விளையாட்டுக்கென்று ஒரு சதமும் தராது. வீட்டு நிலைமையைப் பார்த்து உதவிப்பணம் தரும். அது கிடைக்காவிட்டால் எங்கள் சயந்தினிக்கு அமெரிக்கா இல்லை. மீன்கடைக் குளிர் அறை பழுதான பிறகு என் நிலைமை உனக்குத் தெரியும்தானே. காசுள்ள பள்ளிக்கூடப் பெண்களுக்கு நீலச் செயற்கைப்புல் மைதானம், ஆட்டத்தை வீடியோ எடுக்க ஆள். இவளுக்குக் கார் நிறுத்துமிடம்தான் மைதானம். அப்படியிருந்தும் இவள் கோலில் நின்று பந்தை மறித்த மறிப்பில், பணக்காரக் கல்லூரிக் கோச் இன்று காலை வீட்டுக்கே வந்துவிட்டார்.

சும்மா விடலாமா? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வீட்டைக் காட்டினேன். வாசலில் எதிர்வீட்டு ஸ்ரீகாந்தின் புதுக் கார், யோகாவின் கழுத்தில் பக்கத்து வீட்டு விஜயாவின் அட்டியல், மேசையில் நண்டும் றாலும். கோச் சுற்றிப் பார்த்து, "உங்களுக்கு உதவிப்பணம் தேவைப்படாது போல" என்றார். வீட்டுக்கு வந்த மனிசனிட்டை இல்லையெண்டு சொல்ல வாய் வருமோ? "நோ ப்ராப்ளம்" என்று சொல்லிப்போட்டன். குசினிக்குள் சயந்தினி, "அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். யோகா, "இஞ்சருங்கோ, இனி எதை விக்கப் போறியள், என்னையோ?" என்றாள். "விசரி, யாவாரத்தில முதல் கடையைக் காட்டோணும், பிறகுதான் பேரம்" என்றேன். மதிப்பு வந்தால் விலை தானாக இறங்கும். நீயும் இப்படியே செய். மகனின் ஆட்டத்தை விடு, வீட்டைத் தயார் பண்ணு.

மருமக்களுக்கு என் ஆசி. உனக்குப் புத்தி.

இப்படிக்கு,
அத்தான் சிவமணி

பி.கு.: மேலே எழுதிய ஒன்றையும் செய்யாதே. உறையை ஒட்டுமுன், மறந்துபோன தொப்பிக்காகக் கோச் திரும்பி வந்துவிட்டார். வாசலில் விஜயா, "கழட்டிக் குடு யோகா, த பேசின் கோயிலுக்கு நேரமாச்சு!" என்று நிற்கிறாள். ஸ்ரீகாந்த், "அண்ணே, கார்ல மீன் வாசம் வருதே!" என்று கத்துகிறான். கோச் என்னைப் பார்த்து, "இதில் உங்களுடையது எது?" என்றார். சயந்தினி சொன்னாள்: "ஒன்லி மீ."

மனிசன் சிரித்துச் சிரித்துக் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, உதவிப்பண விண்ணப்பத்தை இப்போதே நிரப்பச் சொல்கிறார். பேனாவைத்தான் சயந்தினி என்னிடம் தரமாட்டாளாம்.