சிறிய இலக்கம் முதலில்

பொதுமக்களின் பொன்னான நேரத்தை ஆழ்ந்து கருத்திற் கொண்டு, வெள்ளவத்தையில இருக்கிற ஒரு சான்றிதழ்ப் பிரதி அலுவலகம் மெஷின் ஒண்டு வாங்கிச்சுது. மெஷின் தொடர் இலக்கத்தோட துண்டு தரும், கணினி கூப்பிடும். சுவரில பெரிய எழுத்தில, "சிறிய இலக்கம் முதலில்."

வெள்ளிக்கிழமை எனக்கு விசா நேர்முகம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி இல்லாட்டி வாசலிலேயே திருப்பி விடுவாங்கள். புதன் காலமை போய்த் துண்டு இழுத்தன். 32,767. எனக்கு முந்தினவர் உள்ளுக்குப் போயிட்டார், அடுத்தது நான்தான்.

எனக்குப் பின்னால, கொட்டாஞ்சேனையில இருந்து வந்த இமெல்டா அக்கா இழுத்தா. மைனஸ் 32,768.

கவுண்டரில இருந்த நளீபா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அக்கா, நீங்க இன்னும் வரல்ல."

"ஐயோ மாதாவே, முன்னால நிக்கிறன் பிள்ளை!"

"நிக்கிறீங்க. ஆனா பூச்சியத்துக்கு வரவே இன்னும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வரணும்."

புரோகிராமர் றிகாஸைக் கூப்பிட்டினம். பணிப்பாளர் சவுந்தரநாயகமும் கதிரையை விட்டு எழும்பி வந்தார். அதுவே ஒரு செய்தி.

"சேர், புரோகிராமில இலக்கத்துக்கு 'ஷோர்ட்' எண்ட சின்ன வகை போட்டிருக்கு. 32,767 தாண்டினா சுத்திக்கொண்டு மைனஸுக்குப் போயிரும்," எண்டான் றிகாஸ்.

"அப்ப பெரிசாப் போடும்!"

"அதை விடப் பெரிய வகை 'இன்ட்' இருக்கு. அதுக்கு மேல 'லோங்'."

"லோங் இன்டை விட எவ்வளவு பெரிசு?"

"மெஷினைப் பொறுத்தது சேர். சிலதில ரெண்டும் ஒரே அளவு. லோங் இன்டை விடக் குறையக் கூடாது எண்டு மட்டும்தான் சட்டம்."

பணிப்பாளருக்குக் கண் கலங்கிட்டுது. உதவிப் பணிப்பாளரா இருந்து பணிப்பாளரானபோது அவருக்கும் பேர்ப்பலகை மட்டும்தான் மாறினது, மேசை அதே மேசை. "அதுக்கும் மேல?"

"லோங் லோங்."

"அடடா! அதையே போடுவம். குழு கூடட்டும். மூண்டு மாசம்."

இமெல்டா அக்கா அழத் தொடங்கிட்டா. எனக்கு மனசு கேக்கேல்ல. பெரிய வீரன் மாதிரி சுவரைக் காட்டினன். "சேர், சிறிய இலக்கம் முதலில் எண்டுதானே எழுதிக் கிடக்கு? மைனஸ் எல்லாத்தையும் விடச் சின்னது."

றிகாஸ் கணினியைத் தட்டினான். அது உடனே ஒத்துக்கொண்டுது. அக்கா நாலு நிமிசத்தில பிரதியோட வெளியில வந்து, "கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பார் தம்பி" எண்டிட்டு ஓட்டோ பிடிச்சா.

அடுத்தது மைனஸ் 32,767. அதுக்கடுத்தது மைனஸ் 32,766. பாமன்கடையில இருந்து பத்து மணிக்கு வந்தவரும் போனார், மத்தியானம் சாப்பிட்டிட்டு வந்தவரும் போனார். அந்த அலுவலகத்திலேயே பெரிய இலக்கம் நான்தான். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்ல.

"புதுத் துண்டு தாங்கோ!"

"ஒரு அடையாள அட்டைக்கு ஒரு துண்டுதான்," எண்டா நளீபா.

பணிப்பாளரிட்ட ஓடினன். அவர் வரிசையைப் பார்த்து, "ஆருக்காவது பிரச்சினையோ?" எண்டார். எல்லாரும் இல்லையெண்டு தலையாட்டிச்சினம். "பார்த்தீரோ? முறைப்பாடு ஒண்டே ஒண்டு. தனியொருவரின் பிரச்சினை முறைமையின் பிரச்சினை ஆகாது. இனிக் குழுவும் தேவையில்லை." வரிசையில நிண்டவை கை தட்டினவை. எனக்கு வந்த கோவத்துக்கு, "உங்களுக்கெல்லாம் மனச்சாட்சி இருக்கோ?" எண்டு கத்திப்போட்டு வீட்ட போனன்.

வியாழன் காலமை மனுசி சாமினியை அவவின்ர அடையாள அட்டையோட அனுப்பினன். குடும்பத்தாரும் எடுக்கலாமாம். மைனஸ் 32,590. பத்தரைக்கு என்ர பிரதி அவவின்ர கையில.

அங்க ஆரோ மனு ஒண்டோட நிண்டிருக்கினம். இந்த மைனஸ் முறையில எந்தக் குழுவும் கை வைக்கக் கூடாதாம். சாமினி போனில கேட்டா, "என்னப்பா, கையெழுத்துப் போடவோ?"

"போடும்," எண்டன். "என்ர பேரையும் சேர்த்துப் போடும்."