எட்டிப் பார்த்தால் ஓடும் டோசர்

மாமனாராகப் போகிறவரிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் தைரியம் எந்த ஆண்பிள்ளைக்கும் வராது. எனக்கும் வரவில்லை. படித்தது மெக்கானிக்கல் இஞ்சினியரிங். பார்ப்பதோ ஏர்கான் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போடும் வேலை. என் கையில் எண்ணெய்ப் பிசுக்கு படுவதெல்லாம் பிராட்டா பிய்த்துச் சாப்பிடும்போதுதான்.

இதை தர்ஷினியின் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. பாலா அங்கிள் மண் வேலைக்கு வண்டிகளை வாடகைக்கு விடுபவர். மகளை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. வண்டிகள் நிற்கும் யார்டுக்கு என்னையும் அழைத்தார். நல்ல பிள்ளை என்று காட்ட வேண்டாமா? தேக்கா கடைத்தெருவில் சந்தனம் வாங்கிக் குழைத்து, அங்கிருந்த பழைய டோசருக்குத் (சங்கிலிச் சக்கரத்தில் ஊர்ந்து மண் தள்ளுமே, அதுதான், வயதில் எனக்கு மூத்தது) தலை முதல் கால் வரை பொட்டு வைத்தேன். மழையில் கரைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு பொட்டின் மேலும் செலோடேப் வேறு ஒட்டினேன்.

"இஞ்சினியர் மூளை லா!" என்று அங்கிள் மெச்சினார். பாதிக் கல்யாணம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்த டோசர் பொங்கோல் பக்கம் ஒரு கட்டட வேலைக்கு மண் நிரவப் போனது. போன இடத்தில் மக்கர் செய்தது. ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், இருமிவிட்டு நின்றுவிடும். அங்கிள் போன் செய்தார்.

"மெக்கானிக் ஊருக்குப் போயிட்டாரு தம்பி. நீங்க மெக்கானிக்கல்தானே, வந்து பாருங்க லா. இன்னிக்கு ஓடலைன்னா எடுத்துட்டுப் போன்னு மேல் காண்டிராக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் நேரா ஸ்கிராப்புக்குத்தான். நான் மொத மொதல்ல வாங்குன வண்டி."

"சின்ன விஷயம் அங்கிள், பாத்துடலாம்" என்றேன். ரயிலில் போகும் வழியெல்லாம் போனில் டோசர் வீடியோ பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்க, தெரிந்த கொஞ்சமும் மறந்தது.

அங்கிளும் டோசர் ஓட்டும் செல்வம் அண்ணனும் காத்திருந்தார்கள். முதலில் டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். டீசல் நிறைய இருந்தது. மூடினேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே." ஓடியது! நான் எதையுமே செய்யவில்லை. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டேன். அங்கிள் சந்தோஷமாகக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். கோப்பி தீர்வதற்குள் வண்டி நின்றது.

ஃபில்டரை மாற்றினேன். (மாற்றியது செல்வம் அண்ணன், நான் டார்ச் பிடித்தேன்.) டேங்கை எட்டிப் பார்த்தேன், ஓடியது, நின்றது. குழாயில் காற்று புகுந்துவிட்டது என்றேன், அதையும் வெளியேற்றினோம். எட்டிப் பார்த்தேன், ஓடியது, நின்றது. டீசலில் தண்ணீர் என்றேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏன் நிற்கிறது என்பதைவிட ஏன் ஓடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

"சார் எட்டிப் பாத்தா ஓடுது, அங்கிட்டுப் போனா நின்னுடுது. வண்டிக்கு உங்க மேல ஒரு இது சார்" என்றார் செல்வம் அண்ணன். அப்போதைக்கு அதுவே நியாயமான விளக்கமாகப் பட்டது.

மதியம் தர்ஷினி கடையில் பிரியாணி தாபாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வந்தாள். "ஆர் யூ ஷ்யூர், உனக்கு இது தெரியும்?" என்று காதோரம் கேட்டாள்.

"ஆல்மோஸ்ட்" என்றேன்.

அங்கிள் ஸ்கிராப் லாரிக்குப் போன் போட ஆரம்பித்திருந்தார். அந்த லாரியில் என்னையும் ஏற்றிவிடுவார் போலிருந்தது. அழுகை வராத குறை. கடைசியாக ஒருமுறை ஏறி எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மேல் காண்டிராக்டரின் ஆள் வந்து "ஓகே அல்ரெடி?" என்று கத்த, பதறிப்போய்க் கையில் இருந்ததைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழே குதித்தேன். செல்வம் அண்ணன் ஸ்டார்ட் செய்தார்.

ஓடியது. பிரியாணி தீர்ந்தும் ஓடியது. மேட்டை முழுக்க நிரவிய பிறகும் ஓடியது. அங்கிள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எப்படி தம்பி?"

"ஃபியூல் சிஸ்டத்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன் அங்கிள்."

அப்போதுதான் செல்வம் அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, டேங்க் மூடி எங்க சார்? தூசி பூராம் உள்ள போவுதே!"

பாக்கெட்டில் கையை விட்டேன். மூடி வந்தது. மூடியின் மேல் என் பொட்டு, பொட்டின் மேல் என் செலோடேப். அங்கிள் அதை வாங்கி, டேப்பை உரித்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"டீசல் எறங்க எறங்க, இது வழியாத்தான் காத்து உள்ள போகணும். இதை அடைச்சா டீசல் எப்படி எறங்கும்? மூச்சு முட்டி நின்னுடும்" என்றவர், மெதுவாகக் கேட்டார்: "பொட்டு யாரு வச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தர்ஷினி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிள் சிரிக்கவில்லை. மூடியைச் சட்டையில் துடைத்துத் தானே மாட்டினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார். (ஏன் என்று இன்றுவரை புரியவில்லை, கேட்கவும் பயம்.) கல்யாணத்தன்று எனக்குச் சந்தனம் வைக்க வந்த அத்தையிடம் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "நெத்தியில மட்டும் வைங்கக்கா. மூக்குப் பக்கம் போயிடாதீங்க. அடைச்சா மாப்பிள்ளை நின்னுடுவாரு."

டோசர் இன்னமும் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு எனக்கும் அழைப்பு உண்டு; சந்தனக் கிண்ணம் மட்டும் என் கைக்கு வராது. எந்த விசேஷத்திலும் என் நெற்றியில் சந்தனம் ஏறியவுடன், குடும்பத்தில் யாராவது ஒருவர் என் மூக்குக்கு அடியில் விரலை நீட்டிப் பார்த்து, "ஓடுது, ஓடுது" என்று அறிவித்துவிடுகிறார்கள்.