கொள்ளுக் களத்தில் ஏழு சுற்று

சாலை விதிகள் தெரியாதவர்களைவிட, அவை மட்டுமே தெரிந்தவர்களால்தான் சாலைக்கு ஆபத்து அதிகம். நான் இரண்டாவது வகை.

1995 முதல் 2007 வரை நாள் தவறாமல் டைரி எழுதியிருக்கிறேன். மழை பெய்த நேரம், மாடு கன்று போட்ட நேரம், கரண்ட் போய் வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு பக்கம் மட்டும் காலி. 1998 தை மாதத்து மூன்றாம் புதன்கிழமை. எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் - அரியலூர் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. (அப்போது அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு பிரிந்தது, சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. எனக்கும் சைக்கிளுக்கும் இருந்த உறவும் ஏறக்குறைய அப்படித்தான்.) ஊரின் கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்க ஆள் எடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை கிடைக்காவிட்டால் மாசிக்குள் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் ஜாதகம் ஏற்கனவே சாமி படத்துக்குப் பின்னால் காத்திருந்தது.

நேர்காணலில் தபால் இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க சார்."

தெரியாது.

"சரி. பதினஞ்சு நாள்ல நானே நேர்ல வந்து பார்ப்பேன். ஓட்டலேன்னா அடுத்த ஆளுக்குத்தான் வேலை."

மற்றவர்கள் என்றால் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் தேடியிருப்பார்கள். நான் நூலகத்துக்குப் போனேன். சாலை விதிகள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, எண்பது பக்க நோட்டில் 'புதிய ஓட்டிகளுக்கான பதினான்கு விதிகள்' என்று தேதி போட்டு எழுதினேன். விதி ஒன்று: எந்நிலையிலும் இடது ஓரம். விதி ஐந்து: திரும்புமுன் கையை நீட்டுக. விதி ஒன்பது: பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட, வலது கையை முன்னும் பின்னும் ஆட்டுக. கை சைகைகளை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே முழுக்கப் பழகினேன். நாற்காலி ஒருமுறைகூட சாயவில்லை.

சைக்கிளைப் பழக்கியது என் தங்கை செல்வி. பதினெட்டு வயது, பொறுமை கிடையாது. ரைஸ்மில் மைதானத்தில் கேரியரைப் பிடித்து ஏற்றிவிடுவாள். ஒரு வட்டம் போட்டு வருவேன். அவளே பிடித்து நிறுத்துவாள். பத்தே நாளில் நன்றாக ஓட்டினேன். இந்த ஏற்பாட்டில் ஒரு சிறிய ஓட்டை இருந்தது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கு ஓட்ட வந்தது; இறங்க வரவில்லை. இறங்குவது குறித்து என் பதினான்கு விதிகளிலும் ஒரு வரி கிடையாது.

அந்தப் புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு.

"மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்ல வர்ற தபால் பையை வாங்கிட்டு வாங்க. நான் பின்னாலயே வரேன்."

செல்வி கேரியரைப் பிடித்தாள்.

"அவங்க எதுக்கும்மா பிடிக்கிறாங்க?"

"வழியனுப்புறேன் சார்," என்று சொல்லிக்கொண்டே தள்ளிவிட்டாள்.

மெயின் ரோடு வரை அருமையாகப் போனேன். மண்ரோட்டில் ஒரு கோழிக்குக்கூட மணி அடித்தேன். தார் ரோட்டில் இடப்பக்கம் திரும்பியதும்தான் பார்த்தேன். சாலையின் இடது பாதி முழுக்க, முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் தை மாதத்தில் இது வழக்கம். செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் போட்டுவிட்டால், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும். சைக்கிள்காரர்கள் வலப்பக்கம் ஒதுங்கிச் சுற்றிப் போவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த எனக்கும் இது தெரியும். ஆனால் அன்று என் மண்டைக்குள் இருந்தது விதி ஒன்று. எதிரில் ஒரு லாரியும் வந்தது. எந்நிலையிலும் இடது ஓரம்.

நேராகக் கொள்ளுக்குள் விட்டேன்.

சக்கரம் பொதபொதவென்று புதைந்தது. விழவில்லை. ஓரத்தில் முறமும் கையுமாக நின்ற பொன்னம்மா (கொள்ளுக்குச் சொந்தக்காரர்) உற்சாகமாகிவிட்டார்.

"யாரு வூட்டுப் பொண்ணுடி இது? அப்படித்தான் தாயி! ஏத்து, ஏத்து!"

களத்தின் கடைசிக்கு வந்தேன். நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பிடிக்க செல்வி இல்லை. ஆகவே கையை நீட்டி (விதி ஐந்து) திரும்பி, மறுபடி கொள்ளுக்குள்ளேயே வந்தேன். விழுந்தாலும் மெத்தென்று இருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றிய ஒரே யோசனை. ஆனால் பாழாய்ப்போன சைக்கிள் விழவும் இல்லை. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று.

"ஏம்மா, பஸ் வந்துருச்சு! இறங்கும்மா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"இறங்காதே தாயி, அந்த ஓரம் இன்னும் அடிபடலே!" என்று கத்தினார் பொன்னம்மா.

பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நான்கு தலை. கண்டக்டர் தபால் பையோடு படியில் நின்று, "சார், பையைக் குடுக்கறதா, இல்ல டிக்கெட் போட்டு எல்லாரும் உக்காந்து பாக்கறதா?" என்றார்.

ஏழாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, வண்டியோடு என் பின்னாலேயே வந்தார். பின்னால் வண்டிச் சத்தம். விதி ஒன்பது! வலது கையை முன்னும் பின்னும் ஆட்டி வழிவிட்டேன். அவரும் நம்பி முந்தினார். கொள்ளுக்கொடி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் களைத்த எருமை போல மெதுவாகப் படுத்தது. அவரும் கூடவே படுத்தார். அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு நானும் பக்கத்திலேயே விழுந்தேன். பதினைந்து நாளில் நானாக இறங்கியது அதுதான் முதல் தடவை.

கொள்ளுத் தூசி உடம்பில் பட்டால் எப்படி அரிக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஜாதகம் சாமி படத்தை விட்டு இறங்கி வருவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"கடைசியாக் கேக்குறேன். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னம்மா முந்திக்கொண்டார்.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? அது ஏழு சுத்து சுத்துச்சு. நீங்க உள்ள வந்ததும் வுழுந்தீங்க. யாருக்கு ஓட்டத் தெரியும்னு நீங்களே சொல்லுங்க."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ஹாரன் வேறு அடித்தார். இன்ஸ்பெக்டர் பஸ்ஸைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், வேகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'ஓட்டத் தெரியும். இறங்கப் பயிற்சி தேவை.'

வேலை கிடைத்தது. ஜாதகம் திரும்பிப் போனது. பங்குனியில்தான் இறங்கக் கற்றேன். அதுவரை மைல்கல்லில் கால் ஊன்றித்தான் இறங்குவேன் என்பதால், அது இருக்கிற தெருக்காரர்களுக்குத்தான் தபால் முதலில் போய்ச் சேர்ந்தது. நோட்டில் பதினைந்தாவது விதியும் சேர்த்தேன்: ஏறுமுன் இறங்கக் கற்க.

நான்கு வருடம் கழித்து, நானாகப் பார்த்துச் சம்மதித்த மாப்பிள்ளையிடம் மணமேடையிலேயே செல்வி சொல்லிவிட்டாள். "மாமா, எங்க அக்காவுக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. யாராச்சும் பிடிக்கணும்."

அவர் அதை இன்றுவரை மறக்கவில்லை. வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்து, சொன்னதையே தேதிவாரியாக நான் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அதன் முதுகை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

"கேரியரைப் பிடிச்சுட்டேன். இறங்கிக்கம்மா."