மேசைக்கு வந்த நெஞ்சுக் கோளாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் முழுவதையும் வாயை மூடவைக்க ஒரே ஒருவரால்தான் முடியும்: எங்கள் 'உஸ்' டாக்டர். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். மரக்குழலின் ஒரு முனையை நோயாளியின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து "உஸ்!" என்றால், கோயில் யானைகூட ஓலை தின்பதை நிறுத்திவிடும். கையைப் பிடித்து நாடி பார்க்கமாட்டார். அது நாட்டு வைத்தியன் வேலையாம்.

இந்த 'உஸ்' வெறிக்குக் காரணம் உண்டு. நெசவாளர் ஒருவருக்கு நெஞ்சு தப்பித் தப்பி அடிக்கிறதென்று ஒரு மாதம் கசப்பு மருந்து புகட்டினார். தறி ஓடாத அமாவாசையன்று பார்த்தால் சீக்கு போயே போச்சு. மறுநாள் பழையபடி வந்துவிட்டது. இத்தனை நாளும் டாக்டர் கேட்டது பக்கத்து வீட்டுத் தறியை!

அந்த மனிதரிடம் என் தலையெழுத்து சிக்கியது. சலங்கை கட்டிய ஈட்டியோடு இராஜபாளையத்துக்குத் தபால் மூட்டை சுமந்து ஓடும் வேலை எனக்கு வந்திருந்தது. நெஞ்சு சரியாக இருக்கிறதென்று அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் வேலை இன்னொருவனுக்கு. என் வீட்டு அடுப்பு அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தது.

குழலை வைத்தார். முகம் சுருங்கியது.

"ஏலே, நடுநடுவே ஒரு அடி தப்புதே!"

நான் முந்திக்கொண்டேன்: "தறிச் சத்தமா இருக்கும்யா."

தெருவில் இறங்கிக் கத்தினார். தறிகள் நின்றன. "இவிய காது கேக்கதுக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா?" என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். அவளுக்கும் ஒரு "உஸ்!" கிடைத்தது. உள்ளே மருந்து இடித்த கம்பவுண்டரின் குழவி பிடுங்கப்பட்டது. ஓர் ஆடு தெருக்கோடிக்கு நாடு கடத்தப்பட்டது.

மறுபடியும் குழல்.

"இப்பவும் தப்புதுலே," என்றார் மெதுவாக. வெயில் வாசற்படியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேவிட்டேன்.

"செத்த நேரம் சும்மா இரு." ஏதோ தோன்றியவராகக் குழலை மேசைமேல் வைத்துக் கேட்டார்.

"மேசைக்கும் தப்புதே!"

கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாடி பிடித்தார். முதலில் தன் கையை, பொறுமையாக. பிறகு என் கையை.

"ஒனக்கு ஒண்ணுமில்லலே. என் காதுக்குள்ள கேட்டது என் நெஞ்சுதான்."

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"ஒங்களுக்கு யாருய்யா வைத்தியம் பாப்பாக?"

"இங்க டாக்டர் நான் ஒருத்தன்தானே இருக்கேன்? ஓடுலே, பொழுது சாயுது!"

ஓடினேன். அதன்பின் தினமும் ஓடினேன். மறுவருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தறிகள் தம் இஷ்டத்துக்கு ஓடின. நான் மட்டும், அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டுதான் ஓடினேன்.