அழிக்காமல் ஒழித்த கல்யாணப் படம்

எங்கள் கல்யாணப் படத்தை ஒழித்துக்கட்டுவது என்று சபதம் எடுத்தேன். அழித்தால் என் மனைவி ரெகுலா என்னை அழித்துவிடுவாள். ஆகவே அழிக்காமல் ஒழிக்க வேண்டும்.

படத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. நான் பாடுகிறேன், அவ்வளவுதான். மாமனார் ஊரில், மலைச்சரிவில் விருந்து. ஒயின் உள்ளே போனதும் புதுமாப்பிள்ளைக்கு, மலை மேய்ப்பர்கள் மாட்டைக் கூப்பிடும் யோடல் பாட்டைப் பாட ஆசை வந்துவிட்டது. குரலை மேலே ஏற்றினேன். அது இறங்க மறுத்தது. பக்கத்தில் மேய்ந்த மாடுகள், கூப்பிடுவது தங்கள் ஆள்தான் என்று முடிவு கட்டி, கழுத்து மணி குலுங்க வேலியை முட்டிச் சாய்த்துக்கொண்டு வந்து கேக்கைத் தின்றன. ஒரு பசு என் கன்னத்தைப் பாசத்தோடு நக்கியது. மைத்துனன் ருவேடி அவ்வளவையும் கை நடுங்காமல் படம் பிடித்தான். ஒவ்வொரு கல்யாண நாளும் அவள் குடும்பமே சூரிக்குக்கு ரயிலேறி வந்து, என் வீட்டில் உருக்கிய சீஸைத் தின்றுகொண்டே அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்.

என் பிழைப்பே எனக்கு வழி காட்டியது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கணினிக் கோப்புகளை டி.என்.ஏ.வாக மாற்றிக் கண்ணாடித் துகளுக்குள் அடைக்கிறோம். குப்பியின் அடியில் சிட்டிகை உப்பு மாதிரி கிடக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் கெடாது. முக்கியமாக, டி.வி.யில் போட முடியாது. எழுதுவது என் பிரிவு. திரும்பப் படிப்பது மாடியில் வேறு பிரிவு. யார் வீட்டுக் கல்யாணத்துக்காகவோ அவர்கள் நாள்கணக்கில் உழைக்கப்போவதில்லை.

"டிஸ்க்கெல்லாம் எத்தனை நாள் தாங்கும் ரெகுலா? நம்ம படம் பாவம் இல்லையா?" என்றேன்.

"உனக்கு எப்போலேர்ந்து அது மேல பாசம்?"

"வயசாகுது இல்ல."

"சரி, மாத்து. பழசை என்ன பண்ணுவ?"

"அழிச்சிடலாம். ஒரே பொருள் ரெண்டு இடத்துல இருந்தா வீடு குப்பையாகாதா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சரி என்றாள். படத்தைத் தூளாக்கிக் கொண்டுவந்ததும் குப்பியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் மூலத்தை அழித்தேன். மிச்சம் இருந்தது ருவேடியிடம் இருந்த பிரதிதான்.

ஆய்வுக்கூடத்தின் கோடை விருந்தில் ரெகுலா எங்கள் பேராசிரியர் கேகியோடு வெகுநேரம் பேசினாள். ரோஜாச் செடி பற்றி என்றாள். அடுத்த வாரம் தானே அண்ணனுக்குப் போன் போட்டு, அவனிடம் இருந்ததையும் அழிக்கச் சொன்னாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன்.

கல்யாண நாளன்று ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் திருவிழா. இந்த வருஷம் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றாள் ரெகுலா. துள்ளிக் குதிக்காத குறைதான். அரங்கத்துக்குள் நுழைந்தால் முன்வரிசை முழுக்க அவள் குடும்பம். ருவேடி கையசைத்தான்.

கேகி மேடையேறினார். "டி.என்.ஏ.லேர்ந்து படிக்காம, கம்ப்யூட்டர்ல ஒளிச்சு வச்சதைத்தான் காட்டுறீங்கன்னு எங்க மேல ஒரு புகார் உண்டு. அதனால உலகத்துல வேற எங்கேயுமே பிரதி இல்லாத கோப்பா தேடினோம். நம்ம ரேட்டோ, பெரிய மனசு பண்ணி, தன் கல்யாணப் படத்தோட மூலத்தையே அழிச்சிருக்கார். அவர் மனைவி குடுத்த குப்பியிலேர்ந்து மாடியில படிச்செடுத்ததுதான் இது."

கைத்தட்டல் அடங்குவதற்குள் திரையில் நான் வாயைத் திறந்தேன். ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் மாடுகள் வந்தன. அரங்கமே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் திரையில் மணக்கோலத்தில் ரெகுலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்து நாற்காலியிலும் அதே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை இவளைக் கட்டினோம் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எப்போ கண்டுபிடிச்ச?" என்றேன்.

"நீ பாசம் காட்டினப்பவே."

"போகட்டும். படிச்சதுல தூள் தீர்ந்திருக்குமே?"

"அதுக்கு முன்னாடியே டி.என்.ஏ.வைப் பல மடங்கா பெருக்கிட்டாங்களாம். கோடிக்கணக்குல பிரதி இருக்காம்."

வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குப்பி நினைவுப் பரிசு என்று அறிவித்தார் கேகி. வாசலில் நின்று கொடுக்கும் பொறுப்பு எனக்கு. குப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்தவர்களுக்கு, என் பக்கத்தில் நின்று, படத்தைக் கைபேசிக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள் ரெகுலா.