மூக்கர் யன்னலோரம் உட்கார்ந்த புதன்கிழமைகள்

டென்மார்க்கில் மூக்கரைப்போலக் குடியை வெறுத்த தமிழர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்து சேரவில்லை. எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

எண்பதுகளின் நடுவில் விபோர்க்கில் எங்களைப்போல அகதியாய் வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மூக்கர் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் தனிக்கட்டை; ஊரில், மன்னாரில், அவருக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். மோந்து பார்க்காமல் எதையும் வாயில் வைக்க மாட்டார், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பிறந்தநாள் கேக், இருமல் மருந்து, டெனிஷ்காரர் கொடுத்த சொக்லேட் எல்லாம் முதலில் அவருடைய மூக்குக்குப் போகும். "இதுக்குள்ளை சாராயம் கிடக்கு" என்று தீர்ப்புச் சொன்னால், பிள்ளைகளின் கையிலிருந்தும் பறித்துவிடுவார். மாதா கோயில் பூசையில் சுவாமியார் திராட்சை இரசக் கிண்ணத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். ஒரு பெரிய வெள்ளிக்கு முதல் நாள் சுவாமியார் கொஞ்சம் நீட்டிவிட்டார். மூக்கர் முகம் நீலம் பாரித்து வாங்கில் சாய்ந்துவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த விஷயம் ஒன்று என் வீட்டில் இருந்தது. என் கணவர் குடித்தார். இறைச்சித் தொழிற்சாலை வேலை முடிந்து அவர் வரும் நேரமானால் நான் கதவடியில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். சாவி கதவுத் துவாரத்தைத் தேடுகிற சத்தத்திலேயே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

புதன்கிழமைப் பின்னேரங்களில் கொம்யூன், அதாவது நகரசபை, தமிழருக்கென்றே ஒரு குடி ஆலோசனை நடத்தியது. ஆலோசகர் கிர்ஸ்டன், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், நகர நடுவில் ஒரு அறை. மனைவிமாரும் வரலாம். கெஞ்சிக் கூத்தாடி இவரைக் கூட்டிப்போனால், அங்கே வேறு ஒரு குருவியும் இல்லை. மற்றவர்கள் யாரும் குடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் போகிறவனின் பெயர் நாறிவிடும் என்று ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் அலுமாரி மறைவில்தான் கதிரையைப் போட்டார். ஆனாலும் வாரத்துக்கு வாரம் குடி குறைந்தது. சாவியும் நேராகவே துவாரத்துக்குள் போகத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிர்ஸ்டன் குண்டைத் தூக்கிப் போட்டார். மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஒராளுக்காகக் கொம்யூன் காசு தராதாம், அக்கா. தை மாசத்துக்குள்ளை ஆக்கள் சேராட்டி நிப்பாட்டிப் போடுவினமாம்."

அன்றிரவு நான் கண்ணை மூடவில்லை. மறுநாள் மூக்கர் மீன் கொண்டுவந்தார். கதவடியில் தொங்கிய என் கணவருடைய சட்டைப் பக்கம் அந்த மூக்கு மெல்லத் திரும்பியது. நான் உடைந்துபோனேன். அழுதழுது எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் மீனைப் போட்டுவிட்டு ஓடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எத்தினை மணிக்கு அந்தக் கூட்டம்?" என்றார்.

"அண்ணை, அது குடிக்கிற ஆக்களுக்கு."

"ஓம். நானும் வாறன். நீ வாயைத் திறவாதை, தங்கச்சி."

புதன்கிழமை வந்தார். வந்ததும் திரைச்சீலையை முழுக்க விலக்கிவிட்டு, வெளிச்சத்துக்குக் கீழே, யன்னலோரமாகக் கதிரையைப் போட்டார். கடைக்குப் போன தமிழர் ஒவ்வொருவராய் வெளியே நின்று, கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உம்முடைய பிரச்சினை என்ன என்று கிர்ஸ்டன் கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் உண்மையையே சொன்னார்.

"விடிஞ்சு எழும்பினால் அந்த நினைப்புத்தான். எங்கை போனாலும் அதின்ரை மணத்தைத்தான் தேடுறன். இந்தப் பக்கத்துக் கடையிலை எந்தத் தட்டிலை எந்தச் சாராயம் இருக்கெண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்."

இவ்வளவு முற்றிய ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று கிர்ஸ்டன் கண் கலங்கினார். என் கணவர் என் காதுக்குள், "பாவம், இந்தாள் என்னையும் விட மோசம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாங்கள் வீடு சேரும் முன்பே செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. "மூக்கரே போறார், எங்களுக்கென்ன வெக்கம்?" என்று அடுத்த வாரம் இருவர் வந்தார்கள், பிறகு இன்னும் சிலர். தை பிறந்தபோது கதிரை போதவில்லை. கொம்யூன் காசை நிறுத்தவில்லை.

ஆனால் செய்தி மன்னாருக்கும் போனது. மூக்கருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். நான் தலைதெறிக்க அவரிடம் ஓடினேன்.

"அண்ணை, நான் அவையளுக்கு உண்மையைச் சொல்லுறன்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சொல்லாதை. நான் குடிக்கிறேல்லை எண்டு தெரிஞ்சால் அவ்வளவு பேரும் வெக்கப்பட்டு எழும்பிப் போயிடுவாங்கள். உன்ரை மனுசனும் போயிடுவான்."

"அப்ப பொம்பிளை?"

"அவளுக்கு வேறை மாப்பிள்ளை கிடைக்கும். எங்களுக்குக் கொம்யூன் வேறை அறை தருமோ?"

என் கணவர் குடியை விட்டார், பிறகு தொடவேயில்லை. அன்று அங்கே வந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள், இனிச் சொன்னால் யாரும் எழும்பிப் போகப் போவதில்லை. மூக்கருக்குக் கலியாணம் இன்றுவரை சரிவரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று யாருமில்லை. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு, விபோர்க்கில் எனக்கொரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.